கிறிஸ்துமஸ் லீவுக்கு ஐரோப்பாவுல எந்த ஊர்? தேதியில இருந்து ஆரம்பிக்கிற முழு வழிகாட்டி

நான் ஜெர்மனியில இருக்கேன். வருஷா வருஷம் ஆகஸ்ட், செப்டம்பர் ஆனா ஊர்ல இருந்து போன் வர ஆரம்பிச்சிடும், "கிறிஸ்துமஸுக்கு வர்றோம், ப்ராக் நல்லா இருக்குமா, வியன்னா நல்லா இருக்குமா?"ன்னு. ரெண்டுமே நல்லா தான் இருக்கும். ஆனா அது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. ஊரை முதல்ல பிடிச்சுட்டு தேதியை அதுக்குள்ள திணிச்சவங்க தான் வந்து இறங்கி முழிச்சுட்டு நின்னதை நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்.

ஒரு ஃப்ரெண்டோட குடும்பம் டிசம்பர் 25 காலையில கொலோன் வந்து இறங்குனாங்க. அந்தப் பெரிய சர்ச்சுக்கு முன்னாடி போடுற கிறிஸ்துமஸ் மார்க்கெட்டை வீடியோவுல பாத்துட்டு பொண்ணு ஆறு மாசமா அதையே பேசிட்டு இருந்திருக்கா. அங்க போனா பூட்டுன மரக்கடைங்க தான், ஒரு லைட் கூட எரியல. "அங்கிள், எல்லாரும் எங்க போயிட்டாங்க?"ன்னு கேட்டா. கொலோன்ல மார்க்கெட் 23-ஆம் தேதியோட முடிஞ்சிடும். அன்னிக்கு ராத்திரி ஸ்டேஷன் பேக்கரியில வாங்குன பன்னும் காஃபியும் தான் அவங்களுக்கு சாப்பாடு. ரெண்டு லட்ச ரூபாய்க்கு மேல செலவு பண்ணி வந்தவங்க. அதனால தான் இதை வரிசையா எழுதுறேன், வரிசையை மாத்தாம போங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

எல்லாரோட பாஸ்போர்ட் (திரும்பி வர்ற தேதிக்கு அப்புறமும் குறைஞ்சது மூணு மாசம் செல்லுபடி ஆகணும், 10 வருஷத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும்), பசங்க ஸ்கூல் லீவ் லிஸ்ட், ஆஃபீஸ்ல லீவ் உறுதியா கிடைக்கிற நாள், மொத்தமா இவ்வளவு தான்னு ஒரு பட்ஜெட். இந்த நாலும் இல்லாம ஹோட்டல் சைட்டைத் திறக்காதீங்க, திறந்தா படத்தைப் பாத்து மனசு போயிடும்.

1. முதல்ல தேதி, அப்புறம் தான் மத்ததெல்லாம்

ஜெர்மனி, அதை ஒட்டி பிரான்ஸ்ல இருக்கிற அல்சாஸ் பக்கம் இருக்கிற கிறிஸ்துமஸ் மார்க்கெட் பெரும்பாலும் உண்மையில அட்வென்ட் மார்க்கெட். அதாவது பண்டிகைக்கு முன்னாடி காத்திருக்கிற நாலு வாரத்துக்கானது, பண்டிகை வந்துடுச்சுன்னா அதோட வேலை முடிஞ்சிடுச்சு. பொங்கல் முடிஞ்ச மறுநாள் கோயம்பேட்டுல கரும்புக்கட்டு தேடிட்டுப் போற மாதிரி தான் 25-ஆம் தேதி நூரம்பெர்க்ல மார்க்கெட் தேடுறது.

இதுல நம்ம ஆளுங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு. தமிழ்நாட்டுல அரையாண்டு பரீட்சை முடிஞ்சு லீவ் விடுறதே 23, 24 வாக்குல, புத்தாண்டு ஒட்டி திரும்ப ஸ்கூல். அதாவது பெரும்பாலான மார்க்கெட் மூடுற அன்னிக்குத் தான் நாம ஃப்ளைட் ஏறுறோம். இது தெரியாமயே நிறைய பேர் டிக்கெட் போட்டுடறாங்க.

எது எப்ப மூடுதுன்னு தோராயமா சொல்றேன், வருஷத்துக்கு வருஷம் ஒண்ணு ரெண்டு நாள் முன்ன பின்ன ஆகும். கொலோன், ஸ்டுட்கார்ட், பாசல் எல்லாம் 23-ஓட சரி. நூரம்பெர்க், டிரெஸ்டன், மியூனிக் மரியன்பிளாட்ஸ் எல்லாம் 24, அதுவும் மத்தியானத்தோட. வியன்னாவுல ராட்ஹவுஸ் (நகராட்சிக் கட்டடம்) முன்னாடி இருக்கிற பெரிய மார்க்கெட் 26 வரைக்கும், அதே வியன்னாவுல ஷோன்ப்ருன் அரண்மனை முன்னாடி இருக்கிறது ஜனவரி முதல் வாரம் வரைக்கும். சால்ஸ்பர்க் ஜனவரி 1, ப்ராக் பழைய டவுன் ஸ்கொயர் ஜனவரி 6, புடாபெஸ்ட் வருஷக் கடைசி வரைக்கும், பிரஸ்ஸல்ஸும் கோபன்ஹேகன்ல டிவோலி பொழுதுபோக்குப் பூங்காவும் ஜனவரி ஆரம்பம் வரைக்கும் (டிவோலி 24 அன்னிக்கு மட்டும் லீவ்).

ஆரம்பிக்கிற நாளும் முக்கியம். முதல் அட்வென்ட் ஞாயிறு ஒவ்வொரு வருஷமும் மாறும், நூரம்பெர்க் அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை தான் திறக்கும். 2026-ல பாத்தா அது நவம்பர் 27. நவம்பர் 20-க்கு டிக்கெட் போட்டா ஆணி அடிக்கிற சத்தம் தான் கேக்கும்.

2. வீட்ல யாருக்கு எந்த கிறிஸ்துமஸ் வேணும்னு தனித்தனியா கேளுங்க

எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சு கேட்டா "எங்க வேணா போலாம்பா"ன்னு தான் சொல்வாங்க. ஒவ்வொருத்தரையும் தனியா, "கண்ண மூடுனா என்ன தெரியுது?"ன்னு கேளுங்க. ஒரு வீட்ல நான் கேட்டப்ப அப்பாவுக்கு முட்டி வரைக்கும் பனி, அம்மாவுக்கு நள்ளிரவுப் பூசை, பொண்ணுக்கு லைட் போட்ட கடைவீதி. மூணும் மூணு ஊர். அவங்க அது வரைக்கும் பேசிட்டு இருந்தது பாரிஸ், அது மூணுல எதுக்குமே முதல் சாய்ஸ் இல்ல.

மொத்தம் நாலு வகை தான் இருக்கு: மார்க்கெட், பனி, சர்ச், அப்புறம் தெருவெல்லாம் லைட்டும் கூட்டமுமா கொண்டாட்டம். ஒண்ணை முதன்மையா வைங்க, இன்னொண்ணு கூட கிடைச்சா சந்தோஷம். மூணு வேணும்னு நின்னீங்கன்னா பாதி லீவ் ரயில்ல போயிடும்.

3. 24, 25, 26: இந்த மூணு நாளை காகிதத்துல எழுதிப் பாருங்க

புதுசா வர்றவங்க தடுக்கி விழுற இடம் இது தான், அதனால கொஞ்சம் நிறுத்தி நிதானமா சொல்றேன். நம்ம ஊர்ல பண்டிகைன்னா தெரு நிறைஞ்சிருக்கும், கடை ராத்திரி வரைக்கும் திறந்திருக்கும். இங்க பண்டிகைன்னா எல்லாரும் வீட்டுக்குள்ள. 24 மத்தியானம் 2 மணி வாக்குல ஜெர்மனியில கடை சாத்திடுவாங்க, 25, 26 ரெண்டு நாளும் அரசு விடுமுறை. செக்ல 24-லேயே விடுமுறை, பெரிய கடை எல்லாம் மத்தியானம் 12-க்குள்ள மூடணும்னு சட்டமே இருக்கு. போலந்துலயும் 2025-ல இருந்து 24 விடுமுறை ஆயிடுச்சு.

ஞாயிறு கூட சேந்துகிச்சுன்னா இன்னும் நீளும். 2026-ல 25 வெள்ளி, 26 சனி, 27 ஞாயிறு. ஜெர்மனியில வியாழன் மத்தியானம் மூடுற சூப்பர்மார்க்கெட் திங்கக்கிழமை காலையில தான் திறக்கும். பெரிய ரயில்வே ஸ்டேஷன் கடை, பெட்ரோல் பங்க் கடை மட்டும் தான் கை கொடுக்கும், துருக்கிக்காரங்க கடை, நம்ம ஆளுங்க ரெஸ்டாரண்ட் சிலது திறந்திருக்கும் ஆனா முன்னாடியே போன் பண்ணி கேட்டுக்கணும்.

போக்குவரத்து ஊருக்கு ஊர் வேற மாதிரி. லண்டன்ல 25 அன்னிக்கு டியூப், பஸ், ரயில் எதுவுமே ஓடாது, நடக்கணும் இல்ல டாக்சி. 26-லயும் பெரும்பாலான ரயில் கிடையாது. புடாபெஸ்ட்ல 24 சாயங்காலம் மெட்ரோ, டிராம் எல்லாம் சீக்கிரமே நிறுத்திட்டு நைட் பஸ் மாதிரி கொஞ்சம் மட்டும் ஓட்டுவாங்க. வியன்னாவுல மூணு நாளும் ஓடும், இடைவெளி மட்டும் கொஞ்சம் கூடும். வயசானவங்களோட வர்றவங்களுக்கு நான் வியன்னாவை சொல்றதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

பாக்குற இடங்களும் அப்படித்தான். பாரிஸ்ல லூவ்ர் 25-ம் ஜனவரி 1-ம் மூடல், ஐஃபில் டவர் வருஷம் முழுக்க திறந்திருக்கும். ரோம்ல கொலோசியம் 25 மூடல், வாடிகன் மியூசியம் 25, 26 ரெண்டும் மூடல். ஷோன்ப்ருன் அரண்மனை 25 அன்னிக்கும் திறந்திருக்கும். நீங்க யோசிக்கிற ஊருக்கு இந்த மூணு நாள்லயும் காலை, மதியம், ராத்திரி என்ன பண்ணுவோம், எங்க சாப்பிடுவோம்னு ஒம்பது கட்டம் போட்டு நிரப்புங்க. நாலு கட்டத்துக்கு மேல காலியா இருந்தா அந்த ஊரை விட்டுடுங்க.

4. வெளிச்சம், குளிர், பனி: மூணும் வேற வேற

டிசம்பர் 21 வாக்குல வியன்னாவுல பகல் எட்டு மணி நேரம் சொச்சம் தான், சாயங்காலம் 4 மணிக்கே இருட்டிடும். ஸ்டாக்ஹோம்ல ஆறு மணி நேரம். சான்டா கிளாஸ் வில்லேஜ் இருக்கிற ரோவானியெமியில சூரியன் 11 மணிக்கு எட்டிப் பாத்துட்டு ஒன்றரைக்குள்ள போயிடும். நார்வேயில டிரோம்சோவுல நவம்பர் கடைசியில இருந்து ஜனவரி நடு வரைக்கும் சூரியனே வராது. தெற்க ரோம்ல ஒம்பது மணி நேரம், ஸ்பெயின்ல மலகாவுல ஒம்பதரைக்கு மேல.

மார்க்கெட்டுக்கு இருட்டு நல்லது தான், லைட் போட்டா தானே அழகு. ஆனா மலை, அரண்மனை, தோட்டம் பாக்கணும்னா பகல் வேணும், ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம்னு வச்சுக்கோங்க.

பனி விஷயத்துல நிறைய பேர் ஏமாறுறாங்க. வியன்னா, ப்ராக், மியூனிக்ல கிறிஸ்துமஸ் அன்னிக்கு பனி இருக்கும்னு உறுதி கிடையாது, பெரும்பாலும் 0-ல இருந்து 5 டிகிரியும் தூறலும் தான். பனி வேணும்னா உயரத்துக்குப் போகணும். இன்ஸ்ப்ரூக்ல தங்குனா ஊருக்குள்ள பனி இல்லன்னாலும் கேபிள் கார்ல ஏறி நோர்ட்கெட்டே மலைக்குப் போயிடலாம். ஸ்விஸ்ல செர்மாட் ஊரே 1,600 மீட்டர்ல இருக்கு, கார் உள்ள விட மாட்டாங்க, பக்கத்து ஊரு டேஷ்ல நிறுத்திட்டு ரயில்ல போகணும். ஆனா இந்த மாதிரி மலை ஊர்ல கிறிஸ்துமஸ் வாரம் நிறைய இடத்துல சனிக்கு சனி ஏழு நாள் மொத்தமா தான் ரூம் குடுப்பாங்க, ரெண்டு நாள் தங்கிட்டு ஓடிடலாம்னு பிளான் போடாதீங்க.

ரோவானியெமிக்கு போறவங்க கிட்ட நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு தான், மைனஸ் 20-ல ரெண்டு மணி நேரம் வெளிய நிக்க முடியுமா? சின்னப் பசங்க பத்து நிமிஷத்துல அழ ஆரம்பிச்சிடுவாங்க. சான்டா வில்லேஜ் உள்ள போக காசு கிடையாது, ஆனா நாய் வண்டி, ரெய்ண்டீர் வண்டி எல்லாம் தனித்தனி காசு, டிசம்பர்ல விலை உச்சத்துல இருக்கும். நார்தர்ன் லைட்ஸ் மேகம் இருந்தா தெரியாது, அதை நம்பி மட்டும் போகாதீங்க.

5. கூட வர்றவங்க கால், வயிறு, தூக்கம்

பழைய டவுன் எல்லாமே கருங்கல் பாவுன தரை. தள்ளுவண்டி சக்கரம் மாட்டும், முட்டி வலி இருக்கிறவங்களுக்கு அரை மணி நேரத்துல தெரிஞ்சிடும். மார்க்கெட்ல உக்கார நாற்காலி இருக்காது, உயரமான மேஜையைச் சுத்தி நின்னுட்டே தான் சாப்பிடணும். எங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போனப்ப ஒரு மணி நேரம் மார்க்கெட், அப்புறம் பக்கத்துல ஒரு கஃபேல முக்கா மணி நேரம், மறுபடி ஒரு ரவுண்டுன்னு தான் வச்சேன், அவங்க ஒரு தடவை கூட கால் வலின்னு சொல்லல.

சைவம் சாப்பிடுறவங்க பயப்பட வேண்டாம். ஜெர்மன் மார்க்கெட்ல உருளைக்கிழங்கைத் துருவி அடை மாதிரி எண்ணெயில பொரிச்சு, ஓரம் மொறுமொறுன்னு சூடா மூணு எடுத்து தட்டுல வச்சு, மேல ஆப்பிள் மசியல் ஊத்தித் தருவாங்க, கார்டோஃபெல்புஃபர்னு பேரு. ஆப்பிள் மசியலை முதல் வாய்ல யாருக்கும் பிடிக்காது, மூணாவது வாய்ல விட மாட்டாங்க. வறுத்த செஸ்ட்நட், சர்க்கரைப் பாகுல புரட்டுன பாதாம், புடாபெஸ்ட்ல லாங்கோஷ் (எண்ணெயில பொரிச்ச ரொட்டி) எல்லாம் இருக்கு. சீஸ் நூடுல்ஸ் மாதிரி வர்றதுல பன்றிக்கறித் துண்டு போட்டிருக்கலாம், "ஓனே ஷ்பெக்"னு சொல்லிக் கேளுங்க. பசங்களுக்கு கிண்டர்புன்ஷ், அதுல ஆல்கஹால் கிடையாது. க்ளூவைன் (மசாலா போட்ட சூடான வைன்) கப்புக்கு மூணுல இருந்து அஞ்சு யூரோ வரைக்கும் டெபாசிட் சேத்து வாங்குவாங்க, கப்பைத் திருப்பிக் குடுத்தா காசு திரும்ப வரும், இது தெரியாம "ஒரு கப் ஒம்பது யூரோவா"ன்னு அதிர்ச்சியானவங்க நிறைய பேர். கார்டு எடுக்காத கடை ஜெர்மனியில இன்னும் இருக்கு, சில்லறை வச்சுக்கோங்க, டாய்லெட்டுக்கும் காசு வேணும்.

6. இப்ப தான் ஊர்

மேல உள்ள அஞ்சையும் முடிச்சிருந்தா உங்க கையில ரெண்டு மூணு ஊர் தான் மிஞ்சியிருக்கும். நான் எப்படிப் பிரிப்பேன்னு சொல்றேன்.

*டிசம்பர் 20-க்கு முன்னாடி வர முடிஞ்சா,* மார்க்கெட் தான் வேணும்னா, ஸ்ட்ராஸ்பூர்க், கோல்மார், ஃப்ரைபர்க், பாசல். மூணு நாடு, ஆனா எல்லாம் ரைன் ஆத்துச் சமவெளியில பக்கம் பக்கமா இருக்கு, ஸ்ட்ராஸ்பூர்க்ல இருந்து கோல்மார் ரயில்ல அரை மணி நேரம். ஸ்ட்ராஸ்பூர்க்ல 1570-ல இருந்து மார்க்கெட் நடக்குது, சனிக்கிழமை கூட்டம் அப்படி நெரியும், அதனால செவ்வாய், புதன் போங்க. இல்லன்னா நூரம்பெர்க்ல தங்கிட்டு ரோத்தன்பர்க், மியூனிக் போயிட்டு வரலாம்.

*அரையாண்டு லீவ்ல தான் வர முடியும்னா,* குடும்பத்தோடன்னா, என் முதல் ஓட்டு வியன்னா. 24 காலையில மார்க்கெட், ராத்திரி ஸ்டீஃபன்ஸ்டோம் சர்ச்ல நள்ளிரவுப் பூசை, 25 ஷோன்ப்ருன், அப்புறம் ஒரு நாள் ரெண்டரை மணி நேரத்துல சால்ஸ்பர்க், ஒரு நாள் ஒரு மணி நேரத்துல பிராட்டிஸ்லாவா. பெட்டியைத் தூக்கிட்டு ஹோட்டல் மாறவே வேண்டாம். செலவு குறையணும்னா புடாபெஸ்ட், ஆனா 24 சாயங்காலம் நடந்து திரும்புற தூரத்துல ரூம் எடுக்கணும். ப்ராக்ல மார்க்கெட் கேரண்டி, கூட்டமும் கேரண்டி.

*பூசைக்காகவே வர்றவங்களுக்கு* ரோம். 24 ராத்திரி வாடிகன்ல போப்பாண்டவர் நடத்துற பூசைக்கு டிக்கெட் வேணும், அது இலவசம், யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க. 25 மத்தியானம் 12 மணிக்கு பால்கனியில நின்னு ஆசீர்வாதம் குடுப்பாங்க, அதுக்கு டிக்கெட்டே வேண்டாம், சதுக்கத்துல போய் நின்னா போதும். ஒரு நாள் நேப்பிள்ஸ் போய் சான் கிரெகோரியோ அர்மேனோ தெருவுல குடில் பொம்மை செய்யறதைப் பாருங்க, நம்ம ஊர்ல வீட்ல குடில் வைக்கிறவங்க அந்தத் தெருவை விட்டு நகர மாட்டாங்க.

*ஜனவரி 6 வரைக்கும் இருக்க முடிஞ்சா* ஸ்பெயின். அங்க பசங்களுக்குப் பரிசு கொண்டு வர்றது மூணு ராஜாக்கள், ஜனவரி 5 சாயங்காலம் ஊர்வலம், ராஜாக்கள் வண்டியில இருந்து மிட்டாய் வீசுவாங்க. பகல் நீளம், குளிர் குறைச்சல், தெருவுல கூட்டம். மாட்ரிட், செவியா, மலகா எதுவா இருந்தாலும் சரி.

எட்டு நாள்ல நாலு நாடுன்னு மட்டும் போடாதீங்க. நாலு நாள் பகல் ரயில்லயும் செக்-இன்லயும் போயிடும், மிச்சம் இருக்கிற பகலே எட்டு மணி நேரம் தான்.

7. விசா

ஊர் முடிவான அன்னிக்கே விசா அப்பாயின்ட்மென்ட் ஸ்லாட் பாருங்க. ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவுல பெரும்பாலான நாட்டுக்கும் சேத்து ஒரே விசா) பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், அதாவது டிசம்பர் 23-க்கு ஜூன் 23-லேயே. அக்டோபர்ல ஆரம்பிச்சா ஸ்லாட் கிடைக்கிறதே கஷ்டம். எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுக்குத் தான் அப்ளை பண்ணணும், சமமா இருந்தா முதல்ல இறங்குற நாடு. ஸ்லாட் கிடைக்குதேன்னு வேற நாட்டுக்குப் போட்டா ரிஜெக்ட் ஆகுற வாய்ப்பு அதிகம். பெரியவங்களுக்கு 90 யூரோ, 6 வயசுல இருந்து 12-க்குள்ள 45 யூரோ, மேல சென்டர் சார்ஜ். இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும்.

லண்டன் ஷெங்கன்ல வராது, அதுக்குத் தனி விசா. நடுவுல லண்டன் போயிட்டு திரும்ப பாரிஸ் வரணும்னா மல்டிபிள் என்ட்ரி கேளுங்க, சிங்கிள் என்ட்ரியில வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாது.

8. புக்கிங் வரிசை

முதல்ல ஃப்ரீ கேன்சலேஷன் இருக்கிற ரூம், அப்புறம் ஃப்ளைட், கடைசியா ரயில். ரூம் முதல்லன்னு சொல்றதுக்குக் காரணம், டிசம்பர்ல சின்ன ஊர்ல ரூம் தான் சீக்கிரம் தீரும், கோல்மார்ல அட்வென்ட் வாரக்கடைசிக்கு பல மாசம் முன்னாடியே போயிடும். ரயில் கடைசியா வர்றதுக்கும் காரணம் இருக்கு, ஐரோப்பா முழுக்க டிசம்பர் ரெண்டாவது வாரக்கடைசியில ரயில் டைம்டேபிள் மாறும், அதுக்கு அப்புறம் உள்ள தேதிக்கு டிக்கெட் வழக்கத்தை விட லேட்டா திறக்கலாம். தேடிப் பாத்து ரயிலே இல்லன்னு பயந்து பஸ் டிக்கெட் போட்டவங்க உண்டு.

வந்து இறங்குறது முடிஞ்ச வரைக்கும் 23-க்குள்ள இருக்கட்டும். 24 சாயங்காலம் இறங்குனா ஊரே சாத்தியிருக்கும், பசங்க பசியோட இருப்பாங்க, ஒரு பெட்டி வரலன்னா ஸ்வெட்டர் வாங்கக் கூட கடை கிடையாது.

9. ரூம் எங்க

மார்க்கெட் பக்கத்துலயே எடுக்கணும்னு இல்ல, டிராம் ஸ்டாப் பக்கத்துல இருந்தா போதும். ஸ்ட்ராஸ்பூர்க்ல ரூம் விலை தாங்கலன்னா ஆத்துக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியில கேல் ஊர்ல தங்குங்க, டிராம் பாலத்தைத் தாண்டி நேரா வருது. சமையலறை இருக்கிற அபார்ட்மென்ட் கிடைச்சா கொஞ்சம் கூட குடுத்தாலும் எடுங்க, அந்த மூணு நாளுக்கு அது பெரிய நிம்மதி.

10. கிளம்புறதுக்கு முன்னாடியும், 23-ஆம் தேதியும்

நவம்பர் கடைசியில ஒரு தடவை மார்க்கெட்டோட அதிகாரப்பூர்வ பக்கத்துல தேதியும் நேரமும் பாருங்க, போன வருஷத்து வீடியோவை நம்பாதீங்க. 24 ராத்திரி உணவுக்கு ரெஸ்டாரண்ட் வேணும்னா அப்பவே மேஜை புக் பண்ணிடணும்.

23 சாயங்காலம் சூப்பர்மார்க்கெட் போயிடுங்க, 24 காலையில போனா க்யூ வாசல் வரைக்கும் நிக்கும். பால், தயிர், முட்டை, பிரெட், தக்காளி, வெங்காயம், அரை கிலோ அரிசி, பசங்களுக்குப் பழம், தண்ணி. ரசப்பொடியும் ஊறுகாயும் ஊர்ல இருந்தே எடுத்துட்டு வாங்க. 25 சாயங்காலம் குளிர்ல நடந்துட்டு ரூமுக்கு வந்ததும் அடுப்பு மேல ஒரு ரசம் கொதிக்கும்.